யோசெமிட்டியில் இரண்டு மணி நேர ஜெனரேட்டர்: டிரெய்லர் பேட்டரிக்கு எந்த சார்ஜர் சரி?

மணிமுத்தாறு, ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

வணக்கம். 2015 மாடல் 24 அடி டிராவல் டிரெய்லர் ஒன்றைப் போன வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அதோடு வந்த 12 வோல்ட் பேட்டரி ஆறு மாதத்தில் படுத்துவிட்டது. கோல்ஃப் வண்டிக்குப் போடும் 6 வோல்ட் பேட்டரிதான் உழைக்கும் என்று கேள்விப்பட்டு, இரண்டு வாங்கி சீரிஸில் இணைத்தேன். கொள்ளளவு 220 ஆம்பியர்-அவர் (ஆம்ப் × மணி நேரம்). தண்ணீர் ஊற்றுகிற வகை.

அக்டோபரில் யோசெமிட்டி போனோம். அப்பர் பைன்ஸ் முகாமில் நான்கு இரவு. அங்கே எந்த இடத்திலும் கரண்ட் இணைப்பு கிடையாது. ஜெனரேட்டர் ஓட்டலாம், ஆனால் காலை 7–9, மதியம் 12–2, மாலை 5–7 மட்டும். மதியம் நாங்கள் எங்காவது நடந்துகொண்டிருப்போம் என்பதால் காலையும் மாலையும் ஓட்டினேன். உள்ளே பேனலில் பேட்டரி அளவு காட்டும் நாலு விளக்கும் எரியும், ஜெனரேட்டரை அணைத்துவிடுவேன்.

மூன்றாம் இரவு மூன்றரை மணிக்கு ஃபர்னஸ் நின்றுவிட்டது. மீட்டர் வைத்துப் பார்த்தால் 11.6 வோல்ட். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அப்பா மங்கி குல்லாவுக்கு மேல் துண்டையும் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கேள்வி இதுதான். லித்தியத்துக்கு மாறவா, சோலார் போடவா, பெரிய சார்ஜர் வாங்கவா? கையில் இருப்பது 600 டாலர். டிசம்பர் கடைசியில் ஜாஷுவா ட்ரீ போகிறோம், அப்பாவும் வருகிறார்.

சோலார்சாமி, டூசான், அரிசோனா

கூரையில் 400 வாட் போடுங்கள், சோலார் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எம்பிபிடி கன்ட்ரோலர் ஒன்று வையுங்கள், ஜெனரேட்டரை விற்றுவிடுங்கள். குவார்ட்ஸைட் பாலைவனத்தில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தவன் சொல்கிறேன்.

பழைய வயர்மேன், ஹூஸ்டன்

சாமி, அவர் போனது பைன் மரத்தடிக்கு. குவார்ட்ஸைட்டில் மரமே கிடையாது.

தம்பி மணிமுத்தாறு, எதையும் வாங்குவதற்கு முன் மூன்று அளவு எடுங்கள். பேட்டரியை 12.1 வரை இறக்குங்கள். லோடை எல்லாம் அணைத்து அரை மணி நேரம் விட்டுப் பார்க்கும்போது 12.1 இருந்தால் ஏறக்குறைய பாதி காலி என்று அர்த்தம். அப்புறம் ஜெனரேட்டரைப் போட்டு, கன்வர்ட்டர் (ஜெனரேட்டர் கரண்டை 12 வோல்ட் பக்கத்துக்கு மாற்றிப் பேட்டரியை ஏற்றும் பெட்டி) வாயில் எத்தனை வோல்ட், பேட்டரியின் முனையில் எத்தனை வோல்ட், பேட்டரிக்குப் போகும் வயரில் எத்தனை ஆம்ப் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆம்ப் பார்க்க டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். நாற்பது டாலருக்குள் கிடைக்கும். ஏசி மட்டும் அளப்பதை வாங்கி ஏமாறாதீர்கள்.

அந்த நாலு விளக்கு இருக்கிறதே, அதைப் பெயின்ட் அடித்து மறைத்துவிடுங்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது 13-க்கு மேல்தான் காட்டும். காலி பேட்டரிக்கும் நாலு விளக்கும் எரியும்.

மணிமுத்தாறு

அண்ணா, சனிக்கிழமை வீட்டு வாசலில் வைத்து எடுத்தேன்.

கன்வர்ட்டர் வாயில் 13.6. பேட்டரி முனையில் 13.1. தொடக்கத்தில் 19 ஆம்ப். அரை மணியில் 15. இரண்டு மணி நேரம் முடியும்போது 9. கன்வர்ட்டர் மேல் 55 ஆம்ப் என்று எழுதியிருக்கிறது. இது என்ன கணக்கு? கன்வர்ட்டர் பழுதா?

பழைய வயர்மேன்

பழுது இல்லை. இதற்கு மேல் அதனால் முடியாது.

55 ஆம்ப் என்பது அது தரக்கூடிய உச்சம். எவ்வளவு வாங்கிக்கொள்வது என்பதைப் பேட்டரிதான் முடிவு செய்யும். பேட்டரியின் முனையில் எத்தனை வோல்ட் வந்து நிற்கிறதோ அதைப் பொறுத்து வாங்கும். 13.6 என்பது ஊற்றி நிரப்புகிற வோல்டேஜே அல்ல. நிறைந்த பேட்டரியை நிறைந்தபடி வைத்திருக்கிற ஃப்ளோட் வோல்டேஜ். தண்ணீர் ஊற்றுகிற பேட்டரி வேகமாக ஏற வேண்டுமென்றால் அதன் முனையில் 14.4 முதல் 14.8 வரை வேண்டும். ஊரில் இன்வர்ட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், கரண்ட் வந்ததும் டியூபுலர் பேட்டரி 14-ஐத் தாண்டிக் கொதிக்கிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் உங்கள் டிரெய்லரில் ஒருநாளும் கேட்டிருக்காது.

அடுத்தது வயர். உங்கள் கன்வர்ட்டர் நடு டிரெய்லரில், பேட்டரி முன்னால் கொக்கியின் மேல். நடுவில் 20 அடி 8 கேஜ் வயர் என்று வைப்போம் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன்). போக வர 40 அடி. 8 கேஜ் வயருக்கு 1000 அடிக்கு 0.63 ஓம், ஆக 40 அடிக்கு 0.025. உங்கள் 19 ஆம்பை அதால் பெருக்கினால் அரை வோல்ட். 13.6-இல் அரை வோல்ட் போனால் 13.1. கணக்கு அப்படியே நிற்கிறது பாருங்கள். கொடுப்பதே கம்மி, அதிலும் பாதி வழியில் வயர் தின்றுவிடுகிறது.

இப்போது வரவு செலவு. இரண்டு மணி நேரத்தில் சராசரி 13, 14 ஆம்ப், அதாவது 27 ஆம்பியர்-அவர். மாலை ஓட்டியது இன்னும் கம்மி, 15 என்று போடுங்கள். ஒரு நாளைக்கு வரவு 42. செலவு: ஃபர்னஸ் ஃபேன் ஏழரை ஆம்ப், குளிர் இரவில் பத்து மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினால் 37. விளக்கு, பம்ப், போன், கேஸ் டிடெக்டர், ஃப்ரிட்ஜின் போர்டு என்று இன்னொரு 25. ஆக 62. தினமும் 20 கடன்.

இருந்தாலும் 220 நிஜமாக இருந்திருந்தால் மூன்றாம் இரவு தாக்குப்பிடித்திருக்கும். இல்லை. புது பேட்டரி வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட அது முழுசாக நிறையவில்லை. பாதியிலேயே கிடந்தால் ஈயத் தகட்டில் சல்பேட் இறுகிவிடும். ஆசிட்டின் அடர்த்தி அளக்கும் ஹைட்ராமீட்டர் ஒன்று வாங்கி ஆறு செல்லையும் பாருங்கள்.

லித்தியம்லோகு, சான் டியேகோ

இத்தனை கணக்குப் போடுவதற்கு 100 ஆம்பியர்-அவர் லித்தியம் இரண்டு வாங்கிவிடலாம். ஒன்று 14 கிலோதான், உங்கள் கோல்ஃப் பேட்டரி ஒன்றே 28 கிலோ இருக்கும். ஈயம் மாதிரி பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது என்ற 50 சதவீதக் கணக்கும் கிடையாது, 80, 90 வரை இறக்கலாம். தண்ணீரும் ஊற்ற வேண்டாம். வேகமாக ஏறும்.

பழைய வயர்மேன்

வேகமாக ஏறும், சரி. அவரிடம் இருக்கிற கன்வர்ட்டரிலும் அந்த வயரிலும் ஏறுமா?

லித்தியம் பாதி நிலையில் 13.2, 13.3-இல் அசையாமல் நிற்கும். கன்வர்ட்டர் 13.6. இடையில் இருப்பது 0.3 வோல்ட். 0.025 ஓம் வயர் வழியாக 0.3 வோல்ட் தள்ளினால் 12 ஆம்ப். ஈயம் 19 வாங்கிய இடத்தில் லித்தியம் 12 வாங்கும். ராத்திரி பூராவும் செருகி வைத்தால் நிறையும், இரண்டு மணி நேரத்தில் நடக்காது. அவ்வளவு பணம் போட்டுவிட்டு அப்பாவை மறுபடி குளிரில் உட்கார வைக்கிற வேலை அது.

லித்தியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதைப் போட்டாலும் சார்ஜரையும் வயரையும் முதலில் மாற்றியாக வேண்டும்.

கோவைக்காரி, ஆன் ஆர்பர், மிச்சிகன்

லோகு, குளிரையும் சொல்லுங்கள். லித்தியத்தை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது. நல்ல பேட்டரியாக இருந்தால் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சர்க்யூட் தானே தடுத்துவிடும். ஜெனரேட்டர் ஓடும், ஒரு ஆம்ப்கூட ஏறாது. ஜாஷுவா ட்ரீயில் டிசம்பர் காலை ஏழு மணிக்கு 0 பக்கத்தில் இருக்கும். பேட்டரி கொக்கி மேல் வெளியே இருக்கிறது. லித்தியம் என்றால் அதை டிரெய்லருக்குள் கொண்டுவர வேண்டும்.

ஈயத்துக்கும் குளிரில் ஒரு கணக்கு உண்டு. 14.4, 14.8 எல்லாம் 25 டிகிரிக்குச் சொல்வது. ஒவ்வொரு டிகிரி குறையவும் 0.03 வோல்ட் கூட்ட வேண்டும். 5 டிகிரியில் 20 டிகிரி வித்தியாசம், அதாவது 0.6 வோல்ட் அதிகம். 14.4 என்பது 15.0 ஆகிவிடும். பேட்டரியில் வெப்பநிலை சென்சார் ஒட்டுகிற சார்ஜர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

நான் இதையெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு ஜனவரியில் டிரெய்லரைப் பின்கட்டில் நிறுத்தி, பேட்டரியைக் கழற்றாமல் விட்டுவிட்டேன். கேஸ் டிடெக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துத் தீர்த்துவிட்டது. நிறைந்த பேட்டரி மைனஸ் 50-ஐயும் தாங்கும். காலியானது மைனஸ் 7, 8-லேயே உறைந்துவிடும். மார்ச்சில் போய்ப் பார்த்தால் பெட்டி வயிறு உப்பி, ஓரத்தில் விரிசல். தொட்டால் விரல் எரிகிறது.

அப்புறம் ஒன்று, இன்வர்ட்டரில் மிக்ஸி போடுகிறீர்களா? 550 வாட் மிக்ஸி 12 வோல்ட் பக்கம் 50 ஆம்ப் இழுக்கும். தேங்காய்ச் சட்னிக்கு இரண்டு நிமிடம்தான் என்பது சரி, ஆனால் ஏற்கெனவே இறங்கிய பேட்டரியில் இன்வர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடும். ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் அரைத்துவிடுங்கள்.

மணிமுத்தாறு

அக்கா, மிக்ஸி விஷயம் எப்படித் தெரிந்தது? இரண்டாம் நாள் காலை நடந்தது அதுதான்.

ஹைட்ராமீட்டர் பார்த்தேன். ஒரு நாள் முழுக்கச் செருகி வைத்த பிறகு ஐந்து செல்லில் 1.220, 1.225. ஒன்றில் மட்டும் 1.180. நிறைந்தால் 1.265-க்கு மேல் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. வயர்மேன் அண்ணா சொன்னது சரிதான். பேட்டரி நிறைந்ததே இல்லை.

ஒரு சந்தேகம். காரில் இழுத்துக்கொண்டு போகும்போதே சார்ஜ் ஆகும் என்கிறார்களே? யோசெமிட்டிக்கு ஐந்து மணி நேரம் ஓட்டினேனே?

கீழவாசல், டல்லாஸ்

வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கிற 7 முள் பிளக்கில் ஒரு முள் அதற்குத்தான் இருக்கிறது. ஆனால் வண்டியின் முன்னாலிருந்து டிரெய்லர் பேட்டரி வரை 10 கேஜில் 30 அடி ஆகிவிடும். போக வர 60 அடிக்கு 0.06 ஓம். 10 ஆம்ப் ஓடினாலே 0.6 வோல்ட் போச்சு. நடைமுறையில் 5, 6 ஆம்ப் வந்தால் பெரிது. புது வண்டிகளில் ஆல்டர்னேட்டர் தன் பேட்டரி நிறைந்ததும் வோல்டேஜைக் குறைத்துவிடும், அப்போது அதுவும் இல்லை.

இதைச் சரி செய்யத்தான் டிசி-டிசி சார்ஜர் போடுகிறார்கள். விக்ட்ரானின் ஓரியன் மாதிரி 18, 30 ஆம்ப் வகைகள். வருகிற குறைந்த வோல்டேஜை உயர்த்தி 14.4 ஆக்கித் தரும். ஆனால் அது கேட்கிற 30, 40 ஆம்பை 7 முள் பிளக் வழியாக எடுக்க முடியாது, பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த வயர் இழுக்க வேண்டும். தினமும் இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு அது நல்ல செலவு. நான்கு நாள் ஒரே இடத்தில் நிற்பவருக்கு வீண். லித்தியம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கட்டாயம் என்பேன். நேரடியாக இணைத்தால் லித்தியம் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கும், வண்டி நின்றபடி ஓடும்போது ஆல்டர்னேட்டர் சூடாகிப் புகைந்துவிடும்.

ஃப்ரிட்ஜை கேஸில் ஓட்டுங்கள். சில ஃப்ரிட்ஜ்களில் 12 வோல்டிலும் ஓடும் வசதி உண்டு. அது உங்கள் 5 ஆம்பை மட்டுமல்ல, இருப்பதையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடும்.

சோலார்சாமி

சரி, யோசெமிட்டி பள்ளத்தாக்கில் மரமும் பாறையும் மறைக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சோலாரை ஒதுக்காதீர்கள். ஈய பேட்டரியில் கடைசி 15, 20 சதவீதம் ஏற நாலைந்து மணி நேரம் எடுக்கும், எவ்வளவு பெரிய சார்ஜர் வைத்தாலும். அதற்காக ஜெனரேட்டரை ஓட விடுவது பெட்ரோலுக்கும் கேடு, பக்கத்துக் கூடாரக்காரன் காதுக்கும் கேடு. அந்தக் கடைசிப் பகுதியைச் சத்தமில்லாமல் நிரப்புகிறது சோலார். 100 வாட் தட்டு நல்ல வெயிலில் 5 ஆம்புக்கு மேல் தரும், ஒரு நாளைக்கு 25, 30 ஆம்பியர்-அவர். ஜாஷுவா ட்ரீயில் டிசம்பரில் பகல் குறைவு, தட்டைப் படுக்கப் போடாமல் தெற்கே நிமிர்த்தி வையுங்கள்.

பழைய வயர்மேன்

இது நல்ல பேச்சு. காலையில் ஜெனரேட்டர், பகலில் வெயில். இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியே இல்லை.

தம்பி, உங்கள் 600 டாலருக்கு நான் செய்வது இது. மூன்று கட்டமாகச் சார்ஜ் செய்கிற தனி கன்வர்ட்டர் ஒன்று. புரோகிரசிவ் டைனமிக்ஸ் 9200 வரிசை எனக்குப் பழக்கம்: 14.4-இல் ஏற்றும், அப்புறம் 13.6, சும்மா கிடந்தால் 13.2. பட்டனை அழுத்தி நாமே 14.4-க்குக் கொண்டுபோகலாம். ஜெனரேட்டர் நேரம் குறைவாக இருக்கும்போது அந்தப் பட்டன்தான் முக்கியம். பழைய கன்வர்ட்டர் இருக்கிற இடத்தில் இதை வைக்காதீர்கள். முன் பக்கச் சாமான் அறையில், பேட்டரிக்கு ஐந்தாறு அடிக்குள் வையுங்கள். 4 கேஜ் வயர். பேட்டரி முனைக்குப் பக்கத்தில் ஃபியூஸ். பழைய கன்வர்ட்டரைத் துண்டித்துவிடுங்கள், ஃபியூஸ் போர்டு மட்டும் இருக்கட்டும். சார்ஜரைப் பேட்டரிப் பெட்டிக்குள்ளேயே வைக்கிற புத்திசாலிகளும் உண்டு. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி போதும்.

லித்தியம்லோகு

எத்தனை ஆம்ப் சார்ஜர்? 60 தானே?

பழைய வயர்மேன்

இரண்டு பக்கமும் இடிக்கிறது. ட்ரோஜன் மாதிரி பேட்டரி செய்கிறவர்கள், தண்ணீர் ஊற்றுகிற வகைக்குக் கொள்ளளவில் 10 முதல் 13 சதவீதம் என்கிறார்கள். 220-க்கு 22 முதல் 29 ஆம்ப். ராத்திரி முழுக்க நேரம் இருப்பவனுக்கு அது அருமை. டிரெய்லர்காரர்கள் 20 சதவீதம் வரை தாராளமாகப் போகிறார்கள், தண்ணீர் மட்டத்தை அடிக்கடி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். 60 என்பது 27 சதவீதம். நான் போட மாட்டேன்.

இன்னொரு பக்கம் ஜெனரேட்டர். என்ன வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லவே இல்லையே?

மணிமுத்தாறு

ஹோண்டா 2200. தொடர்ந்து 1800 வாட் தரும் என்று இருக்கிறது.

பழைய வயர்மேன்

60 ஆம்ப் × 14.4 = 864 வாட். சார்ஜரின் நஷ்டத்தையும் சேர்த்தால் 1000-க்கு மேல். இந்த வகை சார்ஜரில் பவர் ஃபாக்டர் (இழுப்பதில் நிஜமாக வேலைக்கு ஆகும் பங்கு) திருத்தம் இல்லாவிட்டால் 0.7 என்று வையுங்கள், ஜெனரேட்டருக்கு அது 1450 விஏ (வோல்ட் × ஆம்ப்) மாதிரி இருக்கும். 1800-க்குள் அடங்கும். ஆனால் உயரம் கூடக்கூட ஜெனரேட்டர் இளைக்கும், 1000 அடிக்கு 3.5 சதவீதம் போல. ஜாஷுவா ட்ரீயில் பிளாக் ராக் முகாம் 4000 அடி உயரம். அங்கே அது 1550-தான். 60 ஆம்ப் ஓடும்போது மிக்ஸி போட்டால் ஜெனரேட்டர் கையைத் தூக்கிவிடும்.

45 ஆம்ப் என்றால் 1100 விஏ. மிச்சம் 450. மிக்ஸியையும் சேர்த்து அப்போதும் இழுக்காது, ஐந்து நிமிடம் சார்ஜரை அணைத்து வையுங்கள்.

கோவைக்காரி

45 போடுங்கள். சட்னியை ஏழே காலுக்குள் முடித்துவிட்டு சார்ஜரைப் போடுங்கள்.

மணிமுத்தாறு

மூன்று வாரம் ஆயிற்று. 45 ஆம்ப் வாங்கி முன் அறையில் மாட்டினேன். வயர் ஐந்தடி. வயர் முனையில் மாட்டும் லக்கை அமுக்கக் கருவி இல்லாமல் சுத்தியலால் அடித்தேன், ஒன்று சூடானது, கழற்றிக் கடையில் அமுக்கி வாங்கிக்கொண்டேன்.

அதே மாதிரி 12.1 வரை இறக்கிவிட்டு அளந்தேன். பேட்டரி முனையில் ஏற ஏறப் போய் 14.3. முதல் 50 நிமிடம் 45 ஆம்ப் அசையவில்லை. பிறகு இறங்க ஆரம்பித்து இரண்டு மணி நேர முடிவில் 21. கூட்டிப் பார்த்தால் 70 ஆம்பியர்-அவருக்கு மேல். முன்பு 27. அதே ஜெனரேட்டர், அதே பெட்ரோல்.

முதல் முறையாக அந்தக் கொதிக்கிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த இன்வர்ட்டர் ஞாபகம் வந்துவிட்டது.

பட்டனை அழுத்தி நாலு நாலு மணி நேரமாக இரண்டு நாள் 14.4-இல் வைத்தேன். ஐந்து செல் 1.255, 1.260 வரை வந்துவிட்டன. அந்த ஒன்று மட்டும் 1.205-இல் நிற்கிறது. எல்லா செல்லுக்கும் சேர்த்து முக்கால் லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் குடித்தது.

பழைய வயர்மேன்

தண்ணீரைச் சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றினீர்களா, முன்பா? தகடு முங்கியிருந்தால் பிறகுதான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் பொங்கி வழியும்.

மணிமுத்தாறு

முன்பு. வழிந்தது. சோடா உப்புத் தண்ணீர் போட்டுக் கழுவினேன்.

மணிமுத்தாறு

ஜனவரி 3. ஜாஷுவா ட்ரீ போய் வந்தாயிற்று. பிளாக் ராக்கில் ஐந்து இரவு. இரண்டு இரவு 0-க்குக் கீழே போனது. காலை 7.20 முதல் 9 வரை ஜெனரேட்டர், மாலையில் ஒரே ஒரு நாள் மட்டும் ஓட்டினேன். சோலார்சாமி சொன்னபடி 100 வாட் மடக்குத் தட்டு ஒன்றை நண்பரிடம் கடன் வாங்கிப் போய்ப் பாறையில் சாய்த்து வைத்தேன், மதியம் 5 ஆம்ப் வந்தது. விடியற்காலையில் நான் பார்த்த மிகக் குறைந்த அளவு 12.0, அதுவும் ஃபர்னஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது.

நாலாம் இரவு அப்பா எழுப்பினார். பதறி எழுந்தேன். புழுக்கமாக இருக்கிறது, கொஞ்சம் குறைத்து வை என்றார்.

அண்ணா, அந்த ஒரு செல் 1.205-ஐத் தாண்டவே இல்லை. அந்த ஒரு பேட்டரியை மட்டும் மாற்றிவிடலாமா?

பழைய வயர்மேன்

வேண்டாம். சீரிஸில் ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் பழசு சீக்கிரம் காலியாகி, புதுசு அதை இழுத்துக்கொண்டு கிடக்கும். இந்த சீசன் ஓட்டுங்கள். மாற்றும்போது இரண்டையும் சேர்த்து, ஒரே தேதி முத்திரை பார்த்து வாங்குங்கள். பழைய இரண்டையும் கடையில் திருப்பிக் கொடுத்தால் கோர் பணம் (பழைய பேட்டரி தராதவர்களிடம் கூடுதலாக வாங்குவது) வாங்க மாட்டார்கள்.

மணிமுத்தாறு

சரி அண்ணா. மார்ச்சில் மாற்றுகிறேன். அதுவரை டிஸ்கனெக்ட் சுவிட்சைத் திருப்பி வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை செருகுகிறேன்.